குழி இருக்க வேண்டிய இடம்

"தாடையை இதுல வைங்க, நெத்தியை ஒட்டுங்க,
பச்சைக் கூட்டல் குறியையே பாருங்க, ஆடாம."
ஆடுவது நானில்லை என்று
ஜெபக்கனியிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.
பிறந்ததிலிருந்து என் கண்கள்
தொட்டிலை விட்டு இறங்கவில்லை.

நான்காம் முறை அவளே கண்டுபிடித்தாள்:
முகத்தை இடப்பக்கம் திருப்பி மோவாயைத் தாழ்த்தினால்
ஒரு மூலையில் அவை களைத்து உட்காருகின்றன.
அந்த மூலையிலிருந்துதான்
கொழுந்து எடை பார்க்கிறேன், பஸ் பார்க்கிறேன்,
பெண் பார்க்க வந்தவரையும் பார்த்தேன்.
திமிர் பிடித்தவள் என்று
பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போனார்கள்.

படம் வந்தது. சாம்பலில் கோடு கோடாய்.
போன மழைக்குக் கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்ததும்
பொக்லைன் செதுக்கிவிட்டுப் போன சுவர் மாதிரி:
கருமண், செம்மண், களி, அடியில் பாறை.

டாக்டர் நஞ்சுண்டன் பேனா மூடியால் நடுவில் தொட்டார்.
"எல்லாருக்கும் இங்க ஒரு குழி இருக்கும்.
அடுக்கெல்லாம் ஒதுங்கி வழி விடும்,
வெளிச்சம் நேரா அடியில போய் விழும்.
உங்களுக்கு ஒதுங்கலை."
பக்கத்தில் வேறு யாருடைய படத்தையோ வைத்தார்.
கட்டைவிரல் அழுத்திய மாவுபோல் ஒரு பள்ளம்.
அவ்வளவுதானா?
இதற்காகவா முதல் பெஞ்சு, பூதக்கண்ணாடி,
காரமடை வரை இறங்கிப் போய்
அப்பா எடுத்துக்கொண்ட மொட்டை?

கருவிலேயே கறுப்பு கொஞ்சம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்,
வராததால் வேலை பாதியில் நின்றுவிட்டதாம்.
கறுப்பு தோலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்,
ஊரும் அப்படித்தான் நினைக்கிறது.
விழித்திரைக்குப் பின்னே கறுப்புத் துணி கட்டாத
டூரிங் கொட்டகை நான்.
மேட்னி ஓடுகிறது,
சந்து பொந்தெல்லாம் வெயில்.

நரம்பைப் பற்றியும் சொன்னார்.
அதை நான் கட்டபெட்டு ஜங்ஷன் என்று வைத்துக்கொண்டேன்.
ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் வண்டிகளில்
பாதி குறுக்கே திரும்ப வேண்டும்,
பாதி தன் பக்கமே போக வேண்டும்.
எனக்கு ஏறக்குறைய எல்லாமே
குறுக்கே திரும்பிவிட்டன.
படியின் ஆழம் எனக்குக்
கால் வைத்த பிறகுதான் தெரியும்.

வெளியே மூடுபனி.
டீயோடு வந்து நின்ற ஜெபக்கனி கேட்டாள்:
"இப்படித்தான் தெரியுமாக்கா உங்களுக்கு?"
இல்லை.
பனி மறைக்கும். எனக்கு எதுவும் மறைவதில்லை.
அந்த சில்வர் ஓக், அதன் கீழே ஆடு,
எல்லாம் அதனதன் இடத்தில்தான்.
ஆட்டின் கயிற்றை மட்டும் ஊகித்துக்கொள்கிறேன்.
பிடித்து நிறுத்த ஒரு முனை கிடைப்பதில்லை, அவ்வளவே.
பனியில் எனக்கு நிம்மதி, அது வேறு விஷயம்.

பிரிண்டுக்கு நாற்பது ரூபாய்.
எடைச்சீட்டு நோட்டுக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டு
லயத்துக்கு வந்து, விளக்கை அணைத்து,
ஜன்னலோரம் மூக்கு உரசப் பார்த்தேன்.
ஓரம் முதல் ஓரம் வரை ஒரு சரிவில்லை.
மூன்று தலைமுறையாய்
நாலு சென்ட் சமதரை கிடைக்காத எங்களுக்கு
இந்த மலையில்
என் பேரில் ஒன்று.