முடியைப் பிடித்தவள்

பன்னிரண்டாம் நம்பர் மலையில்
கவ்வாத்துக் கத்தி மேலே போனதை
எல்லாரும் பார்த்தோம்.
அது ஏன் கீழே வரவில்லை என்பதில்தான்
இன்றுவரை லயத்துக்கு லயம் வழக்கு.

தராசு பிடித்தவன் நான்.
தவமணியின் கூடை பதினெட்டரை.
பதினெட்டுக்கு முழுப்பேர்.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
முகம் பிடிக்காததற்கு இன்னொன்று எனக் கழித்து
அரைப்பேர் என்று எழுதினார்
கணக்கப்பிள்ளை ஜெயசீலன்.
எழுதிக்கொண்டே அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை
நான் இங்கே எழுதமாட்டேன்.

பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த
அவள் அண்ணன் சங்கிலிமுத்து
இறங்கி வந்தான். ஓடவில்லை.
கான் தாண்டும்போது நின்று
கத்தியைச் சாக்கில் ஒருமுறை துடைத்தான்.
அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கத்தி உயர்ந்தது.
உயர்ந்த இடத்திலேயே அவன் தலை பின்னுக்குச் சாய்ந்தது,
யாரோ பிடரி மயிரைக் கொத்தாகப் பற்றி
இழுத்தாற்போல.
திரும்பிப் பார்த்தான்.
எங்களுக்கு அங்கே பனிதான்.
அவனுக்கு இரண்டு கண்கள்,
கொள்ளிக்கட்டை மாதிரி, என்றான் பிறகு.
"இப்ப எதுக்கு வந்த?" என்று
பனியிடம் கேட்டான்,
கடன்காரியிடம் கேட்பது போல.

தொழிற்சங்க ஆபீஸ் அலமாரியில்
அட்டை போன யவனர் கதை ஒன்று கிடந்தது.
உயர்தரம் இரண்டு முறை எழுதித் தோற்ற நான்தான்
அந்த மலையில் அதைப் படித்த ஒரே ஆள்.
அதிலும் இப்படித்தான்:
அரசன் அவமதிக்கிறான், வீரன் வாளை உருவுகிறான்,
வானத்திலிருந்து இறங்கிய தேவி
பின்னால் நின்று அவன் முடியைப் பிடிக்கிறாள்.
அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள்.
வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு,
வாளை உறையில் போடு,
ஒருநாள் மூன்று மடங்காய் வரும் என்கிறாள்.

சங்கிலிமுத்துவுக்கும் மூன்று வந்தது.
மூன்று மாதம், வேலை நிறுத்தி.

அந்தக் கதையைக் கடைசிவரை படித்தவனுக்கு
இன்னொன்றும் தெரியும்.
அதே தேவி வேறொரு நாள்
வேறொருவனிடம் அவன் தம்பியாகப் போய் நிற்பாள்.
ஓடாதே, நானிருக்கிறேன் என்பாள்.
அவன் நம்பி நிற்பான்.
ஈட்டி கேட்டுத் திரும்புவான்.
தம்பி இருக்கமாட்டான்.

ஆக, பிடரியில் படும் கை
காப்பாற்றவா, கொடுத்துவிடவா என்று
பிடரிக்குத் தெரியாது.

பெண்கள் வேறு சொன்னார்கள்.
அந்த மாசி மவுஸாகலையில் தண்ணீர் இறங்கி
மூழ்கிய கோயிலின் சுவர் வெளியே தெரிந்தது.
ஊரை மேட்டுக்கு மாற்றியபோது
கூட வராமல் இருந்துவிட்டவள் ஒருத்தி
விடியலில் நீரிலிருந்து
பனியாய் எழுந்து வருகிறாளாம்.
அதனால்தான் அவன் பிடரி நனைந்திருந்ததாம்.
பனியில் நின்ற எல்லார் பிடரியும்
நனைந்துதான் இருந்தது.
நான் சொல்லவில்லை.

ஜெயசீலனுக்கு எதுவுமே தெரியாது.
குனிந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்.
தூங்கும் பிள்ளைமேல் உட்காரப்போன ஈயைத்
தாய் ஓட்டுவதுபோல
அவர் கழுத்திலிருந்து ஒரு சாவை
யாரோ ஓட்டிவிட்டார்கள்.
கழுத்தைச் சொறிந்தார்.
அடுத்த கூடை என்றார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்,
முள் எதில் நின்றது என்று.

"பனிங்க ஐயா. சரியாத் தெரியல."

தவமணி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.
படங்குக்கூட அவிழ்க்காமல்.
என் முடியை யாரும் பிடிக்கவில்லை.
உயர்ந்த கையை நிறுத்த வந்தவள்
எழாத நாக்கை இழுக்க வரவில்லை.

யவனர் கதையில் இதற்கும் இடமுண்டு.
தோற்கப்போகும் தனக்கு வேண்டியவனை
தேவதைகள் பனியால் மூடி
களத்திலிருந்து தூக்கிப் போய்விடுவார்கள்,
அவன் படுக்கையறைக்கே.
நானும் அன்று வீட்டுக்குத்தான் வந்தேன்.
ரொட்டி சூடாக இருந்தது.

எந்தத் தேவி
எனக்கு வேண்டியவள்
என்றுதான் தெரியவில்லை.