இடது காது

விசா வந்த வீட்டில் கடைசியாக விலைப்பட்டது
வோஷிங் மெஷின்.
மூன்று பேர் வந்து, திறந்து பார்த்து, பேரம் பேசினார்கள்.
பூனையை ஒருவரும் கேட்கவில்லை.

வீடு பூட்டிப் பதினோராம் நாளும்
நாலாம் மாடிக் கால்மிதியில் இருந்தது அது.
"லிப்ட் திறக்கத் திறக்க எழும்புது, மிஸ்,"
என்றார் வோச்சர் விமலசூரிய.
"ஆளைப் பார்த்திட்டுத் திரும்பப் படுக்குது."

பகலில் பாமசியில் நிற்பேன்.
இரவில், காலி வீதி கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில்
கூட்டுக்குள் டின்மீன் வைத்துவிட்டு
மதிலோரம் குந்தியிருப்பேன்.
பத்தேகால் கோச்சிக்கு எல்லாம் சிதறி ஓடும்.
பிறகு ஒவ்வொன்றாய் வரும்:
முதலில் பசி, பின்னால் பயம்.
எங்கள் ஒழுங்கையில் முப்பத்தொன்று.
இருபத்தாறு முடிந்தது.
சீட்டுக் காசு மாதிரி எண்ணி வைத்திருக்கிறேன்.
அந்தச் செம்பட்டைக் கடுவன் மட்டும்
ஒன்றரை வருடமாகக் கூட்டுக்கு வெளியே இருந்து
என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

இதற்குக் கூடு தேவைப்படவில்லை.
கையை நீட்டினேன். ஏறி வந்தது.
கடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

தெஹிவளைக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன்,
பழக்கூடைக்குள், மேலே என் சால்வை.
டொக்டர் நிலந்தி வயிற்றைத் தடவிவிட்டு
கையுறையைக் கழற்றாமல் நின்றார்.
"நாலு இருக்கு. என்ன செய்ய?"
போன மழைக்குப் பிறகு
வெள்ளவத்தை வாய்க்காலில் மிதந்துவந்த
கட்டிய உரப்பையை நினைத்தேன்.
எடுங்கோ என்றேன்.
வெளியே வந்து ஒரு பிளேன்டீ வாங்கி
ஆறும்வரை கையில் வைத்திருந்து
ஊற்றினேன்.

காது நுனி, வீட்டுப் பூனைக்கு வேண்டாமே, என்றார்.
வெட்டுங்கோ.
வீடுகளை நான் இப்போது நம்புவதில்லை.
லொட்ஜில் இருந்த காலம்
பொலிஸ் பதிவுத் துண்டை நாலாய் மடித்து
கைப்பையில் வைத்திருப்பேன்.
காட்டினால் விட்டுவிடுவார்கள்,
சில இரவுகளில்.
காது மடிந்து கிழியாது. மறந்து வைத்துவிட்டும் வரமுடியாது.

ஜிந்துப்பிட்டியில் சலூன் வைத்திருக்கும் மாசிலாமணி
"எலி பிடிக்குமா?" என்றார்.
"தெரியாது. ஏசியில் வளர்ந்தது."
"பரவாயில்லை. எங்கட எலியும் ஓடாது."

ஸ்காபரோவிலிருந்து விதுஷ் கேட்டான். படம் அனுப்பினேன்:
கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில்.
"பிஸ்கட்டின்ட காதுக்கு என்ன?"
ஏழு வயது.
மூன்று தரம் எழுதி அழித்தேன்.
கண்ணாடியில் அப்பிடித் தெரியுது, ராசா.

மாசிலாமணி சொல்கிறார்,
கதவு திறக்கத் திறக்க எழும்புதாம்.
முடி வெட்ட வருகிறவர்கள்
தங்களுக்குத்தான் அந்த மரியாதை என்று
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு
கதிரையில் உட்காருகிறார்களாம்.