கேள்வி எண் ஒன்பது

கூட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம்?
படிவத்தில் ஒன்பதாவது.
செய்யதலி பாத்திமா பீடி சுற்றுவதை நிறுத்தாமல்
தாடையால் காட்டினாள்.
"நீங்களே அளந்துக்கிடுங்க டாக்டரம்மா."

பதினாலு எட்டு.
நான் இன்னும் டாக்டர் இல்லை.

கன்னடியன் கால்வாய் கரை தொட்டு ஓடியது.
அணை திறந்து நாலு நாள் ஆகியிருந்தது.
சேரன்மாதேவியிலிருந்து வழியெல்லாம் அதே பேச்சு,
கார் நடவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

பதினோரு வான்கோழிகள்,
பாளையங்கோட்டை கிறிஸ்மஸுக்கு வளர்கிறவை.
அதில் சேவல் இரண்டு.
செங்கோட்டை பாசஞ்சர் ஊதியபோது
ஒன்று மார்பை உப்பி
மூக்குத்தொங்கலைச் சிவப்பாக்கி நீலமாக்கி
ரயிலோடு சண்டைக்குப் போனது.
மற்றது கண்ணைத் திறக்கவில்லை.
வெளிறிய தொங்கல்,
காலடியில் பச்சையாய்க் கழிச்சல்.

இறக்கையைத் தூக்கி, தூவி விலக்கி
நரம்பில் ஊசி வைத்தேன்.
"ஒரு சொட்டுதான்" என்றேன்.
"எம் மவளுக்கு எடுக்கையிலயும்
ஒரு சொட்டுன்னுதாஞ் சொன்னாக."
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
மகளைப் பற்றிப் படிவத்தில் எதுவும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

ராமையன்பட்டி, இரவு ஒன்பதரை.
கண்ணாடித் தகட்டில் மெத்தனால், பிறகு ஜீம்சா.
அவள் விரலில் புகையிலைக் கறை,
என் விரலில் நீலம்.
சோப்புக்கு இரண்டும் போகாது.

பறவையின் சிவப்பணு நம்முடையதுபோல் வெறும் வட்டில்லை.
நீள்வட்டம், நடுவே ஊதா விதை.
சிலவற்றில் அந்த விதையை ஒட்டி
வளைந்து படுத்திருந்தது ஒன்று,
அடுத்தவர் பிள்ளையை
அணைத்துக்கொண்டு உறங்குகிற ஆள் மாதிரி.
இன்னொரு வகை, குடியிருந்த அணுவையே
இரண்டு முனையும் பிடித்து இழுத்துக்
கதிராக்கி வைத்திருந்தது.
அழகாக இருந்தது.
எண்ணினேன்.

நாற்பத்து மூன்று வீடு, இருநூற்றுச் சொச்சம் பறவை.
வயது, பருவம், கூடவே அடையும் புறா,
மருந்து தெளித்தது, தெளிக்காதது.
ஓடுகிற தண்ணீரில் கருப்பு ஈ முட்டையிடும்,
வயல் சேற்றில் குருணி ஈ.
வாய்க்காலுக்கு நூறு அடிக்குள் கூடு இருந்தால்
நோய் மூன்று மடங்கு.
பேராசிரியர் அட்டவணையைப் பார்த்து
"நல்லா வந்திருக்கு" என்றார்.

நல்லா வந்ததை எடுத்துக்கொண்டு
ஆவணியில் மறுபடி போனேன்.
கூட்டை மேட்டுக்கு மாற்றுங்கள் என்றேன்.

பீடி அப்போதுதான் நின்றது.
"மேடு பட்டாம்மா. இது பொறம்போக்கு.
தண்ணிக்குப் பக்கம்னா தேடி வந்தேன்?
வெரட்டாம விட்டது இங்க மட்டுந்தான்."

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
அதைப் பென்சிலால் நுணுக்கி எழுதினேன்.
கணினியில் ஏற்றுகிற பையன்
இது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டான்.

வலையாவது கட்டுங்கள், பொழுது சாயும் முன்னால்,
என்றும் சொல்லியிருந்தேன்.
கொசுவலைக் கண்ணுக்குள் நுழைந்து வருகிற ஈ அது.
சொல்லும்போதே எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரிந்திருந்தது போல.
உள்ளே போய் ஒரு வெள்ளைத் துப்பட்டி எடுத்து வந்தாள்,
பாச்சை உருண்டை வாசத்தோடு.
கூட்டைச் சுற்றி இழுத்து
நாலு மூலையிலும் பீடிக்கட்டு நூலால் முடிந்தாள்.
கீழே ஒரு சாண் பத்தவில்லை.
அங்கே செங்கல் அடுக்கினாள்.
யாருக்குத் தெரியும், வேர்த்துச் சாகாமல் இருந்தால் சரி.

ஆறு மணி பாசஞ்சர் அன்றைக்குத் தாமதம்.
கரையில் நின்று காத்திருந்தேன்,
கழுத்தில் எதுவோ கடித்தது.
ரயில் ஊதியது.
துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் பொங்கி எழுந்தது.
கொஞ்சம் விட்டு, பலமில்லாமல், இன்னொன்று.

அதே சேவல்தான் மறுபடி கத்தியதோ என்னவோ.
துணியைத் தூக்கிப் பார்க்க அவள் விடவில்லை.