பத்தடி

விண்ணப்பத்தில் ஓவியருக்குக் கட்டம் இல்லை.
புவனேந்திரன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.
லாரி ஓட்டுபவர் இருக்கிறார், ஒட்டுக்கடைக்காரர் இருக்கிறார்,
மீன்பிடிப்பவர்கூட இருக்கிறார், கரையிலிருந்து எத்தனை மைல் என்ற கணக்கோடு.
"பெயிண்டர்னு போட்டுடவா, அக்கா?"

ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே, அஞ்சடியில் மேசை.
தே ஓ ஆறிவிட்டது.
போடுங்கள். வாளி ஒன்றுதான், ஏணி ஒன்றுதான்,
முதலாளி காசு தர இழுத்தடிப்பதும் ஒன்றுதான்.

"மாத வருமானம்?"
எந்த மாதம்?
சீனப் புத்தாண்டுக்கு முன்னால் கேட்டிருந்தால்
கொஞ்சம் நிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

"எவ்வளவு உயரம் ஏறுவீங்க?"

லெபோ விக்டோரியாவில் ஒரு கொக்கு வரைந்தேன்.
கால்களே பதினோரடி.
கடைசி நாள் சாரத்தில் நின்று
அலகுக்கு மஞ்சள் வைத்தபோது
பெர்ரி பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தது,
கொக்கும் நானும் ஒரே உயரத்தில் நின்று பார்த்தோம்.
இதையெல்லாம் சொன்னேன்.
"அப்போ முப்பது அடி" என்று தட்டினார்.

பத்தடிக்கு மேல் என்றால் நான்காம் வகுப்பு.
மாதம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
பத்தடிக்குள் இரண்டாம் வகுப்பு, முந்நூற்று நாற்பது.
"வருசா வருசம் கொஞ்சம் ஏறும், அக்கா."
அது மட்டும் எத்தனை அடி வேண்டுமானாலும் ஏறலாம்.

விழுந்தால், எத்தனையாவது அடியில் என்று
யார் அளக்கப் போகிறார்கள்?
"அளப்பாங்க, அக்கா."
குரலில் மிரட்டல் இல்லை. தே ஓவுக்கும் அவரே காசு கொடுத்தார்.

வலது தோளைப் பற்றியும் மறைக்கவில்லை.
இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது.
தோளையும் அதைச் சேர்ந்தவற்றையும் விலக்கிவிடுவார்களாம்.
மற்றதெல்லாம் உள்ளே போகும்.
தோள் மட்டும், கோயிலுக்கு வெளியே விட்ட செருப்பைப் போல,
திரும்பி வரும்வரை இருந்தால் சரி.

முன்பு இதற்கெல்லாம் சிரித்தவள்தான்.
பொது மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு இருக்கிறதே என்பேன்.
பிறகு ஹைருல் விழுந்தான்.
அறுவைக்கு முறை வரக் காத்திருந்தால் கால் கோணலாகிவிடும் என்றார்கள்.
தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம்.
ஏழு பேர் படங்களை விற்று
அவன் தொடை எலும்புக்கு ஒரு தகடு வாங்கினோம்.
அந்தத் தகட்டின் நீளம் இன்னும் நினைவிருக்கிறது.
நான் விற்றது எந்தப் படம் என்பது மறந்துவிட்டது.

பத்தடிக்குள் என்று கையெழுத்திட்டேன்.
வருடத்துக்கு நாலாயிரத்து எண்பது.
இனி ஆண்டுக்கு ஒரு சுவர்
முழுக்க முழுக்கக் காப்புறுதிக்காரருக்காக வரைகிறேன்.

அட்டை தபாலில் வந்த வாரம்
லெபோ மன்ட்ரியில் ஒரு தங்கும் விடுதிச் சுவர் கிடைத்தது.
மேடம் சியூ பெங்குக்கு மழைமரம் வேண்டும்,
கூரை வரைக்கும், கிளைகளெல்லாம் விரிந்து.
வேர், அடிமரம், நிழலில் ஒரு நாய்.
நான்கு நாளில் பத்தடி முடிந்தது.
டேப் வைத்து அளந்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன்.
அதற்கு மேல் வெறும் வெள்ளை.
தெருவில் போனவர்கள் வெட்டிய மரம் என்று நினைத்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் தருண்ராஜ் வந்தான். வயது இருபத்து மூன்று.
இரவில் சாப்பாடு டெலிவரி, பகலில் யார் கூப்பிட்டாலும் வருவான்.
கோடு நன்றாக இழுப்பான்.
இலைக்கு மூன்று பச்சை கலந்து கொடுத்தேன்.
மாதிரித் தாளைக் கட்டம் போட்டுக் கொடுத்தேன்.
அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.
வாயில் வந்தது வேறு.

"எவ்வளவு உயரம் ஏறுவே?"

"எவ்வளவு வேணும், அக்கா?"
சொல்லும்போதே நான்காவது படியில் இருந்தான்,
வாளி கொக்கியில் ஆடியது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
இரண்டு கையாலும்.
தோள் வலிக்கிறது.