சின்ன உறை, பெரிய உறை

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரி, இரண்டாம் பயிற்சி நாள்.
காலை முழுக்க இயந்திரத்துக்கு முத்திரை வைக்கப் பழகினோம்.
மதியம் எலுமிச்சைச் சோறு, ஒரு பாக்கெட் மோர்.
அப்புறம் மைக்கில் சொன்னார்கள்:
தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள்
தங்கள் ஓட்டை இன்றே போட்டுவிடலாம்,
வேதியியல் ஆய்வகம், தரைத்தளம்.

ஓட்டு என்றால் எனக்கு
ஓகலிபுரம் பள்ளியின் நீலக் கதவு,
யார் முன்னால் யார் பின்னால் என்ற சண்டை.
இங்கே ஆசிட் தின்ற மேசை.
திறந்தால் காற்று மட்டும் வரும் குழாய்கள்
(ஊரே தண்ணி லாரிக்குக் காத்திருந்த ஏப்ரல்).
எனக்கு முன்னால் நின்ற பள்ளி குமாஸ்தா
பத்து ரூபாய்க் கட்டை எண்ணுகிறவர் மாதிரி
ஓட்டுச்சீட்டை இரண்டு தரம் நிமிண்டி
ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டார்.

நான் நான்தான் என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும்.
கெஜட் அதிகாரி புட்டசாமி, கால்நடை மருத்துவர்,
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"பிரமிளா சௌந்தரராஜு?"
பல்லைப் பிடித்து வயது பார்க்காததுதான் குறை.
கையெழுத்து, முத்திரை, அடுத்த ஆள்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு பால்பாயிண்ட் பேனா.
பதினேழு பெயர்கள்.
ஒன்றின் பக்கத்தில் டிக் போட்டேன்,
ஆபீஸில் வரி ரசீதுக்குப் போடுகிற அதே டிக்.
பீப் இல்லை.
ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து விழும் துண்டுச்சீட்டு இல்லை.
விரலில் மை இல்லை.
சீட்டு சின்ன உறைக்குள், சின்ன உறை பெரிய உறைக்குள்,
நடுவில் என் உறுதிமொழி, சுற்றிலும் பசை.
இரும்புப் பெட்டிக்குள் தள்ளினேன்.
தாள்மேல் தாள் விழுந்தது.

அதற்குப் பிறகு ஏழு நாள்
எங்கள் தெருவில் எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள்.
ஆட்டோ மைக் தமிழில் கெஞ்சியது, பொன்னான வாக்குகளை.
வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு
பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவளைப்போல
துண்டறிக்கைகளை வாங்கிக்கொண்டேன்.
எதிர்வீட்டுக் குமுதவல்லி
இந்தக் கட்சியா அந்தக் கட்சியா என்று
தினமும் ராத்திரி மனசை மாற்றிக்கொண்டிருந்தாள்.
பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள்
நான் டிக் போட்ட மனிதர் மேடையில்
கன்னடத்தில் சின்னச் சொல் ஒன்று சொன்னார்:
பந்தவரு.
வந்தவர்கள்.
கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.
ஓகலிபுரத்துக்கு நாங்கள் வந்து
நான்கு தலைமுறை. இன்னும் வந்துகொண்டே இருக்கிறோம் போல.
செல்போனில் அந்தப் பதினோரு விநாடியைத்
திரும்பத் திரும்ப ஓட்டினேன்.
பெரிய உறைக்குள் சின்ன உறை,
சின்ன உறைக்குள் என் டிக்,
எந்த அறையில், யார் காவலில்?
பசை மட்டும் அன்றைக்குச் சரியாக ஒட்டாமல் இருந்திருந்தால்.

ஓட்டு நாளில் என் நாற்காலி இரண்டாவது.
எழுநூற்றுப் பதினெட்டு இடது ஆள்காட்டி விரல்களில்
நகமும் தோலும் சேர்கிற இடத்தில் கோடு இழுத்தேன்.
அச்சகத்தில் அந்த விரலை விட்டுவந்த ஒருவருக்கு
அடுத்த விரலில்.
மணப்பெண் மாதிரி கையை நீட்டினாள் ஒரு கல்லூரிக்காரி,
உடனே படம் எடுக்க வெளியே ஓடினாள்.
நாலு மணிக்குப் புட்டி சாய்ந்தது.

ராத்திரி பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வந்தால்
தோசைக் கடையில் பலகை:
விரல் காட்டினால் பாதி விலை.
கையை நீட்டினேன்.
பரிமாறுகிற பையன் குனிந்து பார்த்தான்.
"இது வலது கை மேடம். கட்டை விரல் வேற."
"நான் முன்னாடியே போட்டுட்டேன்."
"முன்னாடி எப்படி மேடம், இன்னிக்குத்தானே எலெக்ஷன்?"

முழு விலை கொடுத்தேன்.
சட்னி தீர்ந்திருந்தது.
சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது
அந்தப் பேனா கையில் வந்தது,
தடுப்புக்குப் பின்னாலிருந்து எப்போது எடுத்தேனோ.
பில்லின் பின்பக்கம் ஒரு டிக் போட்டுப் பார்த்தேன்.
நன்றாகத்தான் எழுதுகிறது.