பிசிறு

பீளமேட்டில் மூன்றாவது மாடி, ஏசி போட்ட இருட்டு.
எலியின் மண்டையில் ஒரு சன்னல் வைத்திருக்கிறோம்,
நகத்தளவு கண்ணாடி.
அதன் வழியே ராத்திரி பதினொன்றிலிருந்து
பச்சையாய் ஒளிரும் ஒரு மைக்ரோகிளியாவைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
உடம்பு நகர்வதில்லை. கைகள் ஓய்வதில்லை.
நீட்டும், தடவும், இழுத்துக்கொள்ளும்,
வேறு பக்கம் நீட்டும்.
பக்கத்து நியூரான் சிவப்பு.
பேசும்போது மினுங்கும்.

நங்கையிடம் சொன்னேன்.
‘எங்க செக்கிங் டேபிளாட்ட இருக்குது’ என்றாள்.
அனுப்பர்பாளையத்தில் பன்னிரண்டு மணி நேரம்
நின்றபடி பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள் வசந்தாமணி.
ஒரு பீஸுக்கு எட்டு நொடி.
‘எதை வெட்டறதுன்னு அதுக்கு ஆரு சொல்றாங்க?’

நியூரான்தான் என்றேன்.
வெகுநாள் பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பில்
ஒரு புரதம் வந்து ஒட்டும்: என்னைத் தின்னு.
பேசிக்கொண்டிருப்பது வேறொன்றைக் காட்டும்: தின்னாதே.

‘அம்புக்குறி ஸ்டிக்கரு’ என்றாள், சோற்றில் ரசம் விட்டபடி.

பிறகு ஒரு லாட் திரும்பி வந்த கதை.
புதுசாய்ச் சேர்ந்த பெண்
ஓவர்லாக் முனையைப் பிசிறென்று வெட்டிவிட்டாள்.
துவைத்ததும் தோள் பிரிந்தது,
ஆயிரத்து அறுநூறு பீஸ்.
‘ரெண்டும் அதே நூலுதான். தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்.
அவசரத்துல ஆரு தொடறா?’
அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.
மறதி நோய்களைப் பற்றி நாங்கள்
நாற்பது பக்கம் எழுதுவதும் ஏறக்குறைய அதைத்தான்.

அண்ணன் குழந்தைவேலு
கருமத்தம்பட்டி பிரிவில் வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து
மாத்திரை மாற்றியும் மாசத்துக்கு ரெண்டு வலிப்பு.
வருமுன் இடது கை விரல்கள்
இல்லாத நூலை உருட்டும்.
யாரும் பார்ப்பதற்குள் அவள் பார்த்துவிடுவாள்.
பால் பொங்கட்டும், சீரியல் ஓடட்டும்,
வந்து தரையில் சாய்த்து
ஒருக்களித்துத் திருப்பிவிடுவாள்.
கடிகாரம் பார்ப்பது என் வேலை.

மைக்ரோகிளியா மூளையில் பிறந்ததல்ல.
கரு கடுகளவு இருக்கையில்
மஞ்சட்கருப் பையில் பிறந்து,
மூளை என்று ஒன்று உருவாகி முடியுமுன்னே
வந்து குடியேறியது.
நியூரானுக்கு அது பங்காளி முறை இல்லை.
வந்த பிறகு போனதுமில்லை.
வெள்ளகோவிலிலிருந்து வந்தவளிடம்
இதை மட்டும் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிகாலை மூன்று நாற்பதுக்கு
சிவப்பு திடீரென்று பெருத்தது.
நியூரான் கத்துகிறது.
கத்தினால் ஏடிபி கசியும்.
உள்ளே இருந்தால் எரிபொருள்,
வெளியே சிந்தினால் சேதி.
பச்சைக் கை ஒன்று திரும்பியது.
அப்புறம் இன்னொன்று.
நியூரானின் உடம்பைச் சுற்றிக்கொண்டு நின்றன.
வெட்டவில்லை. தின்னவில்லை.
சிந்தியதை எடுத்து, உடைத்து,
அடினோசினாக்கி அதனிடமே கொடுத்தன.
அவர்கள் பாஷையில் அதற்குப் ‘போதும்’ என்று அர்த்தம்.
மினுங்கல் மெல்ல இறங்கியது.
எனக்குத்தான் கை நடுங்கியது.

அன்றைக்கு வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது ஞாயிற்றுக்கிழமை பொழுதோட.
அவிநாசித் தேர் பார்க்க வந்த கூட்டத்தின் சத்தம் தெருவில்.
அண்ணன் விரல்கள் உருண்டன.
தொட்டால் நிற்காது என்று டாக்டர் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்,
அவளுக்கும் தெரியும்.
டிரிம்மர் காய்ப்பேறிய கட்டைவிரலால்
அவன் மணிக்கட்டைத் தொட்டபடி
காதோரம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
பிறகு கேட்டேன்.
‘பால்காரனுக்கு எவ்வளவு பாக்கின்னு சொன்னன்.
வேறென்ன சொல்லறது?’

அவன் மூச்சு சீரானது.
சட்டைத் தோளில் ஒரு நூல் தொங்கியது.
தொட்டுப் பார்த்தாள்,
லேசாய் இழுத்துப் பார்த்தாள்,
விட்டுவிட்டாள்.

‘எத்தன நிமிசம் அம்மிணி?’ என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.