ஐந்தாவது ஆள்

கிளாக்ஸ்விக்கில் மழை விடாத ஒரு செவ்வாய்.
ஈர மேலங்கிகள் ஆணியில் சொட்டுகின்றன.
நேற்றைய வியர்வை படிந்த ஹெட்செட்டுகளை
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
ஒவ்வொரு தலையிலும் மாட்டிவிடுகிறேன்.
இனி இந்தக் கூடம் ஒரு மீன்பிடிக் கப்பல்.
தரையில் ஒட்டிய மஞ்சள் நாடா அதன் விளிம்பு.
தாண்டினால் கடல் இல்லை,
காபி மேசை.

மூன்று பேர் இங்கே. ஹெக்னி மட்டும் நூக் துறைமுகத்திலிருந்து
அரை நொடி பிந்தித் தலையாட்டுகிறான்.
உள்ளே போனதும் யாருக்கும் கால் கிடையாது,
இடுப்போடு முடிந்து மிதக்கிறார்கள்.
ஐந்தாவது ஆள் பைனிர்.
அவனுக்கு வெளியிலும் கால் இல்லை.

அவனை நான்தான் கேட்டு வாங்கினேன்.
எந்த வால்வு, எந்தப் பக்கம் திருகு என்று
நூறு முறை கேட்டாலும் சொல்வான்.
எனக்கு மூன்றாவது முறையே பல் நறநறக்கும்.

இன்று எஞ்சின் அறையில் தீ.
புகையைக் கூட்டுவதும் நானே,
திரையில் ஒரு கோட்டை விரலால் இழுத்து.
தொண்ணூறு நொடிக்குள் எல்லோரும் மேலே,
கதவு அடைபட வேண்டும். அவ்வளவுதான் விதி.
ஹெக்னி ஏறினான், ஏயுன் ஏறினான், சாமல் ஏறினான்.
பைனிர் புகைக்குள் நின்றுவிட்டான்.
கோளாறா, எவரோ எழுதிவைத்த சோதனையா,
எனக்கே தெரியாது.

ரன்வோ திரும்பினாள்.
வெறுங்கூடத்தில் மண்டியிட்டுத் தவழ்ந்தாள்.
பிடிக்க எதுவுமில்லாத இடத்தில்
ஒரு தோளைப் பிடித்தாள்.
“அது ஆளே இல்லை, விடு!” ஏயுன் கத்தினான்.
தெரியும் என்றாள்.
தெரியும், தெரியும் என்றபடியே இழுத்தாள்.
தொண்ணூற்றிரண்டு. நூறு. நூற்றுப்பதினொன்று.
திரை சிவந்தது.

கழற்றியபோது கன்னத்தில் ரப்பர் பதிந்த தடம்,
முட்டியில் தூசி.
யாரும் பேசவில்லை.
நூக்கில் ஒரு நாய் குரைத்தது,
அதுவும் அரை நொடி பிந்தி.

பைனிரின் அறிக்கைதான் முதலில் வந்தது, வழக்கம்போல:
மூவர் தேர்ச்சி. ஒருவர் தாமதம்.
காரணம்: கண்டறிய முடியவில்லை.

கணக்குப்படி கதவு அடைபடவில்லை,
கணக்குப்படி நால்வரும் செத்தார்கள்.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனால் பதினாறு வருஷம் கடலில் கிடந்தவன் நான்.
கீழே மாட்டிக்கொண்டால் யார் திரும்பி வருவார்கள் என்று
பங்கில் படுத்தபடி இரவுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
ஒரு கை விரல் தேறியதில்லை.

பூஜ்யம் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பைனிர் எழுதியதை அழித்தேன்.
வேறு எதுவும் எழுதவில்லை.